பெயருக்குள் ஒரு சாய்கோடு

மலாய் நாட்டு உலு திராமில் எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் சேவியர் அண்ணன் கேட்கும் முதல் கேள்வி, "பசியாறியாச்சா?" காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதை இந்த ஊர்த் தமிழர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். என் ஊர் அருப்புக்கோட்டையில் "சாப்டியா" என்பார்கள், பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார்கள். இவர் நிற்பார். நான் "ஆச்சுண்ணே" என்று சொல்லும்வரை அவர் கண் என் கணினித் திரையில் இருக்கும். வந்த புதிதில் எனக்கு அது பிடிக்கவில்லை. இவர் எதைத் தெரிந்துகொள்ள நிற்கிறார் என்றே தோன்றும்.

சுற்றுவட்டாரச் சிறு கிளினிக்குகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைச் சேர்த்து மருத்துவர்களுக்கு அனுப்புவது எங்கள் நிறுவனத்தின் வேலை. அந்தத் தரவு ஓடும் வழியைச் சீர்படுத்த என்னை இந்தியாவிலிருந்து எடுத்திருந்தார்கள். திரையில் பெட்டிகள் வரிசையாக இருக்கும், அவற்றைக் கோடுகள் இணைக்கும். ஒரு பெட்டி படிக்கும், அடுத்தது பிரிக்கும், கடைசிப் பெட்டி அனுப்பும். எல்லாம் அந்த மென்பொருளோடு வந்தவை, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று வெளியே வேறொரு ஃபோல்டரில் இருந்த ஸ்கிரிப்டைக் கூப்பிட்டு வேலை வாங்கியது. எழுதியவர் சேவியர் அண்ணன். பெயர் 'பந்து'. விளையாட்டுப் பொருளின் பெயரை வைத்தால் யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள் என்று நினைத்திருக்கிறார் போல, என்று எண்ணிக்கொண்டேன்.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. சென்னையில் நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், இதேபோல் வெளியே வைத்த ஒரு ஸ்கிரிப்ட் வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களை யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. அது பிடிபட்டபோது எங்கள் குழு முழுவதையும் உட்காரவைத்து விசாரித்தார்கள். "தினமும் அந்தப் பெட்டியைப் பார்க்கிறாய், உனக்குத் தெரியாதா?" என்று என்னையும் கேட்டார்கள். அந்த அவமானம் இன்னும் போகவில்லை.

"உள்ள என்ன இருக்குண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சின்ன வேலதாம்மா. ஓடுது, ஓடட்டும் லா. அதத் தொடாதீங்க."

பிறகுதான் கவனித்தேன். அந்த ஸ்கிரிப்ட் சில நோயாளிகளின் பெயர்களைத் தனியாக ஒரு கோப்பில் எழுதியது. கோப்பு இருந்தது அவருடைய சொந்த ஃபோல்டரில். தினமும் காலையில் அதைத் திறந்து பார்ப்பார், நான் பக்கத்தில் போனால் மூடிவிடுவார்.

மேலாளர் புவான் ரொஹானாவிடம் சொன்னேன். வெளி ஸ்கிரிப்ட் கூடாது என்பதே நிறுவன விதி, எடுத்துவிடு என்றார் அவர். சேவியர் அண்ணன் விடுப்பில் பாலோ என்ற ஊருக்குப் போயிருந்த திங்கட்கிழமையாகப் பார்த்து எடுத்தேன். அந்த நாளை நான் தேர்ந்தெடுத்துத்தான் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டம் ஒரு பிழைச் செய்தியும் இல்லாமல் முடிந்தது. நான் நினைத்தது சரிதான், அந்தப் பெட்டிக்கு இங்கே வேலையே இல்லை என்று இருந்தேன்.

புதன்கிழமை காலை லாயாங் லாயாங் கிளினிக்கிலிருந்து ஒரு மலாய்த் தாதி கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "மிஸ், ஏன் இந்தியர்களோட ரிசல்ட் மட்டும் வரல?"

கழித்துப்போட்ட வரிகள் சேரும் இடத்தைத் திறந்தேன். எல்லாம் நம் பெயர்கள். இங்கே தமிழர்களுக்கு அடையாள அட்டையிலேயே 'இன்னாரின் மகன்' என்பதற்கு ஏ/எல், 'மகள்' என்பதற்கு ஏ/பி என்று இருக்கும். பரிசோதனைக் கருவியோ பெயரையும் முடிவையும் சாய்கோடு போட்டுப் பிரித்து அனுப்பும். பெயருக்குள்ளும் ஒரு சாய்கோடு வந்தால் பிரிக்கும் பெட்டி பெயரையே இரண்டாக வெட்டிவிடும், வரி தகுதியற்றது என்று ஒதுங்கிவிடும். பெயரிலுள்ள சாய்கோட்டை முன்கூட்டியே மறைத்து, பிரித்தபின் திருப்பிப் போடுவதுதான் அந்த ஸ்கிரிப்டின் வேலை.

ஒதுங்கிக் கிடந்தவற்றில் 'கோவிந்தம்மா ஏ/பி ராமசாமி' என்று ஒரு வரி. பொட்டாசியம் மிக அதிகம். அன்றைக்கே மருத்துவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய முடிவு இரண்டு நாளாக அங்கே கிடந்தது. தாதியிடம் பெயரையும் அளவையும் சொன்னேன். அவர் உடனே, "வீட்டுக்கு ஆள் அனுப்புறேன்" என்று வைத்துவிட்டார்.

அடுத்து சேவியர் அண்ணனைக் கூப்பிட்டேன். "அண்ணே, அந்தப் பெட்டிய நான் எடுத்துட்டேன்."

"எப்ப?"

"திங்கக்கிழம."

"பழைய ஃபைல் இருக்கா?"

"இருக்கு."

"மொத அதப் போடுங்க. பெறகு பேசலாம்."

மறுநாள் வந்தார். திட்டவில்லை. "நீங்க வந்தப்பவே என் வேலைக்குத்தான் ஆள் கொண்டாந்துட்டாங்கன்னு நெனச்சேன். இதக் காட்டுனா எடுத்துருவாங்க. எடுத்தா நம்ம ஆளுங்க பேருதான் விழும்" என்றார். அந்த 'நம்ம ஆளுங்க'வில் நான் உண்டா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. தனிக் கோப்பில் இருந்தவை ஸ்கிரிப்டுக்கே புரியாத பெயர்கள். சாய்கோடு விட்டுப்போனவை, சிங்கப்பூர் வழக்கப்படி எஸ்/ஓ என்று பதிந்தவை. அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் சரிபார்த்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அதுக்கு ஏன் பந்துன்னு பேரு?"

"அது மலாய்மா. பந்துன்னா உதவி."

கோவிந்தம்மா பெரிய மருத்துவமனையில் சில நாள் இருந்து வீடு திரும்பிவிட்டார் என்று தாதி சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. நடந்ததை புவான் ரொஹானாவிடம் மறைக்காமல் எழுதிக்கொடுத்தேன். விதியில் விலக்கு வாங்கி, விளக்கக் குறிப்போடு ஸ்கிரிப்டை முறையாகச் சேர்த்தோம். நம்பிக்கை முழுதாக வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். நான் மாற்றும் ஒவ்வொரு வரியையும் அவர் படிக்கிறார். அவர் மாற்றுவதற்கு நானும் ஒரு நகல் வைத்துக்கொள்கிறேன்.

சோதித்துப் பார்க்க ஒரு பெயர் தேவைப்பட்டது. "ஒங்க பேரையே போடுங்க" என்றார். ஊரில் எழுதுவதுபோல 'ச. செல்வராணி' என்று கொடுத்தேன். ஸ்கிரிப்டுக்குப் புரியவில்லை, தனிக் கோப்பில் கொண்டுபோய் வைத்தது. 'செல்வராணி ஏ/பி சங்கரலிங்கம்' என்று கொடுத்தேன். தடையில்லாமல் போயிற்று.

"எத வச்சுக்கலாம்?" என்றார்.

"ரெண்டும் இருக்கட்டும்ணே."

இன்றும் தினசரிச் சோதனையில் செல்வராணிகள் நாங்கள் இருவரும் போகிறோம். ஒருத்தி நேராகப் போய்ச் சேர்ந்துவிடுகிறாள். மற்றவள், இவள் யார் என்று யாராவது வந்து பார்த்துச் சொல்லும்வரை காத்திருக்கிறாள்.