மடலின் உச்சியில் ஒரு கிரீடம்

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் புளியங்கொட்டையை வறுத்துத் தின்று பசியாறியவர்கள் நாங்கள். அதனால் மாமா, அம்மாவின் அண்ணன், ஒரு சட்டி புளியங்கொட்டையைப் பசை காய்ச்ச ஊறப்போட்டபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எனக்கு அப்போது ஏழு வயது. பசிக்கிற வீட்டில் பசை எதற்கு?

அப்பாவுக்காகத்தான். பிரிக்பீல்ட்ஸ் பாசாருக்கு மரவள்ளிக் கிழங்கு வாங்கப் போனவரை வழியிலேயே லோரியில் ஏற்றிக்கொண்டு போய், கிள்ளானில் ஒரு ரப்பர் கிடங்கில் அடைத்துவிட்டார்கள். அங்கிருந்து சயாமுக்கு, ரயில் பாதை போட. சயாமுக்குப் போனவர் யாரும் திரும்பி வந்ததாக எங்கள் வரிசை வீடுகளில் பேச்சில்லை.

அதே வரிசையில் குடியிருந்த, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் ஜப்பான் பாஷை கொஞ்சம் கற்றுக்கொண்டு அந்தக் கிடங்கு அதிகாரிக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் வந்து அம்மாவிடம் வழி சொன்னார்.

"அக்கா, அந்த ஆளுக்குக் கோழி வேணாம், நகை வேணாம். எழுத்துன்னா உசிரு. வேலை முடிஞ்சா பிரஷ்ஷ எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்துடறான். உங்க அண்ணன் தொரைமாருக்கு எழுதுவாரே, அது மாதிரி ஒண்ணு கொண்டாங்க. கையில குடுத்துட்டு உங்க வீட்டுக்காரர விடச் சொல்லிக் கேட்டுப் பாத்துடலாம்."

சண்டைக்கு முன்னால் தோட்டத்துத் துரையோ ஸ்டேஷன் மாஸ்டரோ ஊருக்குத் திரும்பினால், பிரிவு உபசாரத்தில் வாசிக்கிற வாழ்த்து மடலை மாமாதான் எழுதுவார். எழுத்து ஒவ்வொன்றும் மேடாக எழும்பி நிற்கும், தங்கமாக மின்னும். அந்தக் கை இப்போது தயங்கியது.

"இவனுக்கா எழுதச் சொல்றே?"

"ஆபத்துக்குப் பாவமில்லண்ணே," என்றாள் அம்மா. மாமா புளியங்கொட்டையை எடுத்து ஊறப்போட்டார்.

ஊறிய கொட்டையை அரைத்துப் பசை காய்ச்சி, அதில் சுண்ணாம்புத்தூளைக் குழைத்து எழுத்துகளை மேடாக்கினார். விளக்குக் கரியில் கறுப்பு, மஞ்சளில் மஞ்சள், துணிக்குப் போடும் நீலத்தில் மயில் கழுத்து. பழைய தகர டப்பாவில் பொத்தி வைத்திருந்த கடைசித் தங்க ரேக்குகளை ஒட்டும்போது வீட்டில் யாரும் மூச்சுவிடக்கூடாது. பறந்துவிடுமாம். பிறகு சோழியால் தேய்த்துத் தேய்த்து அதற்குப் பளபளப்பு ஏற்றினார். அதிகாரியின் பெயர் நடுவில் தகதகத்தது.

பக்கத்துத் துணிக்கடை பாய் தினமும் வந்து பார்ப்பார். "தமிழ்ல எழுதுறியே மாப்ள, அவன் எப்படிப் படிப்பான்?"

"படிக்கத் தெரியாதவனுக்குத் தங்கந்தான் பாய் எழுத்து."

மறுநாள் காலை கிள்ளான் ரயிலுக்குப் புறப்பட வேண்டும். சாயங்காலம் மடலைக் கூடத்தில் சாய்த்து வைத்தார்கள். பாய் தள்ளி நின்று பார்த்தார், கிட்டப் போய்ப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"எல்லாம் சரி மாப்ள. உச்சியில என்ன அது?"

உச்சியில் இருந்தது ஆங்கிலேய ராஜாவின் கிரீடம். ஊசியால் குத்திவைத்த பழைய தாளை விரித்து, மேலே கரித்தூளை ஒற்றித்தான் மாமா எப்போதும் ஓரச் சித்திரத்தைப் படியெடுப்பார். அந்தத் தாளில் கிரீடமும் சேர்ந்தே இருந்தது. துரைமாருக்கு எழுதி எழுதிப் பழகிய கை அதற்கும் தங்கம் ஒட்டிவிட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"இத அவன் முன்னால விரிச்சா தல தப்பாது," என்றார் பாய் மெதுவாக.

"நாளைக்குப் போயாகணும்ண்ணே," என்றாள் அம்மா. அதையே திரும்பவும் சொன்னாள்.

சுரண்டினால் தங்கத்தோடு சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது. பள்ளத்தை மறுபடி பூச வேண்டும், பூசியது காய வேண்டும். மறுநாள் பூராவும் மழை. அம்மா மடலை அடுப்புப் பக்கம் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கிரீடம் இருந்த இடத்தில் மாமா குங்குமத்தைக் குழைத்து ஒரு சூரியனை வரைந்தார். அதற்கடுத்த நாள்தான் கிள்ளான் போனோம்.

கிராணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நேத்து மத்தியானந்தான் ஏத்துனாங்கக்கா. எல்லாரையும்."

கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எங்களுக்குக் கைக்கே எட்டவில்லை. திரும்பிவிடலாமென்றால் அதற்குள் அதிகாரி மடலைப் பார்த்துவிட்டான். உள்ளே கூப்பிட்டு மேசையில் விரிக்கச் சொன்னான். மேடான எழுத்துகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனவன் அந்தச் சூரியனிடம் வந்ததும் நிறுத்திக்கொண்டான். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"ரொம்ப அழகா இருக்காம். இதுதான் எல்லாத்தையும்விட நல்லா இருக்காம்," என்றார் கிராணி.

"அவரத் திருப்பிக் கூப்புட முடியுமான்னு கேளுங்க."

கிராணி கேட்டார். அதிகாரி இல்லையென்று தலையசைத்துவிட்டு ஒரு சிறு பை அரிசியை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தான். மாமா குனிந்து வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அம்மா அந்த அரிசியை வடித்தாள். கிழங்கு கலக்காத வெள்ளைச் சோறு. வாசனைக்கே எனக்கு நாக்கில் நீர் ஊறியது. போன காரியம் நன்றாக முடிந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். முடியாவிட்டால் யாராவது அரிசி கொடுப்பார்களா? அப்பா ரயிலில் போயிருக்கிறார், ரயிலில் வந்துவிடுவார்.

"மாமா, அடுத்த வாரமும் ஒரு மடல் எழுதலாமா? இந்தத் தடவ கிரீடம் போடாம எழுதுங்க. சீக்கிரம் முடிஞ்சிரும்."

மாமாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. கிள்ளானிலிருந்து வந்ததுமுதல் அவரை ஏறிட்டும் பார்க்காத அம்மா அப்போது பார்த்தாள். மாமா எழுந்து, கை கழுவாமலே வெளியே போய்விட்டார்.

பெரியவர்களுக்கு அரிசிச் சோறு மறந்துபோயிற்றுபோல என்று நினைத்துக்கொண்டு, அவர் தட்டையும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.