தாம்பரத்தில் கருங்குரங்கு லேகியம்

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் குரங்குப் படம் போட்ட துணி தொங்குகிறது. கீழே பாட்டில் பாட்டிலாகக் கருங்குரங்கு லேகியம். வால்பாறையிலிருந்து வரும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. எங்கள் காட்டில் மிச்சமிருக்கும் குரங்குகளை இதற்காகத்தான் சுடுகிறார்கள். சண்டைக்குத் தயாராகிக் கொஞ்சம் வாங்கி நாக்கில் வைக்கிறேன். வெல்லம், சுக்கு, மிளகு.

“இதுல குரங்கு எங்கய்யா?” என்று கடைக்காரர் காதோடு கேட்கிறேன்.

“வெளிய சொல்லிடாத சார். கொரங்குக்கு நான் எங்க போவேன்? சளிக்கு சுக்கு நல்லதுதான?”

பக்கத்தில் பர்ஸைத் திறந்தபடி நிற்பவர் என்னிடம் திரும்புகிறார். “அசல்தானா சார்? இல்லேன்னா மலையிலேர்ந்தே ஆள் வச்சு வரவழைச்சுக்குவேன்.”

கடைக்காரர் முகம் வெளுக்கிறது. நான் குரலை நன்றாக உயர்த்துகிறேன்.

“நான் வால்பாறைக்காரன் சார். எங்க ஊர்லகூட இவ்வளவு அசல் கிடைக்காது. தைரியமா வாங்குங்க.”