நிற்கத் தெரிந்த மாப்பிள்ளை

வரன் பார்க்கிற வேலையில் பத்துப் பொருத்தத்தை ஜோசியர் பார்த்துவிடுவார். பதினோராவதற்குச் செருப்புத் தேய நடப்பது என்னைப் போன்ற தரகு அம்மாக்கள்தான். செல்போன் வராத காலத்தில் செல்விக்காக நான் நடந்த நடையைக் கேளுங்கள்.

செல்வி கேட்டது

செல்வி பிள்ளையார்பாளையத்துப் பெண். இருபத்தொன்பது வயது. முதல் புருஷன் விளையாட்டு, விளையாட்டு என்றே ஒருநாள் கையை முறுக்கி எலும்பை முறித்துவிட்டான். முறைப்படி பிரிந்துவிட்டாள். இன்னொரு தடவை தவறினால் தாங்கமாட்டாள். எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று கேட்டேன். நானும் பிள்ளை பெற்றவள்தான். இருந்தாலும் அவள் சொன்னதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தனியா இருக்கசொல்ல கொஞ்சம் முரட்டுத்தனமா விளையாடறது எனக்கும் பிடிக்கும்மா. ஆனா வேணாம்னு சொன்னா அங்கயே நிக்கணும்."

வாலாஜாபாத் வரன்

நல்ல வேலை, நல்ல குடும்பம். நான் போனபோது மாப்பிள்ளை தன் தங்கை மகளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டிருந்தார். "விடு மாமா, விடு மாமா" என்றது குழந்தை. கண்ணில் தண்ணீர் வந்தும் அவர் விடவில்லை. பெருமாளே, இதைக் காட்டத்தான் என்னை பஸ் ஏற்றினாயா என்று நினைத்துக்கொண்டு, "வேணாங்குதே தம்பி" என்றேன்.

"சிரிச்சிக்கினுதானேமா இருக்குது?"

பக்கத்து ஆள்

அடுத்தவர் குமார், நெசவாளி, மனைவியை இழந்தவர். தெருவில் கேட்டால் தங்கமான பிள்ளை என்றார்கள். எல்லாத் தெருவிலும் எல்லாரையும் அப்படித்தான் சொல்வார்கள். அதனால் அவரோடு ஆறு வருஷமாக ஒரே தறியில் உட்காருகிறவரைத் தேடிப் போனேன். கோர்வைத் தறியில் சேலையின் உடலையும் கரையையும் இரண்டு பேர் சேர்ந்து கோப்பார்கள். ஒருவர் நிறுத்து என்றதும் மற்றவர் மிதியிலிருந்து காலை எடுக்காவிட்டால் இழை அறுந்துபோகும்.

"மொதல்ல காலை எடுப்பான்மா. ஏன்னு அப்புறம்தான் கேப்பான்."

புளியோதரை

பட்டப்பகலில் கோயில் மண்டபத்தில் இருவரையும் பார்க்கவைத்தேன். குமார்தான் பிரசாதத்தைப் பிரித்துச் செல்வியின் இலையில் வைத்தார். ஒரு பிடி வைத்ததுமே அவள், "போதும்" என்றாள். அவர் கை நின்றுவிட்டது. "பொண்ணுங்க போதும்னா இன்னும் வைன்னு அர்த்தம்டா" என்று அவர் அம்மா கிசுகிசுத்தார். "அவங்க போதும்னாங்களேமா" என்று குமார் பொட்டலத்தை நடுவில் வைத்துவிட்டார்.

எனக்கோ பழக்கதோஷம். ஒரு பிடி அள்ளி நானே அவள் இலையில் வைக்கப் போனேன். செல்வி சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்களே இப்படி பண்ணா எப்படிம்மா? போய் இவரையே பேசி முடிங்க."

எத்தனையோ ஜாதகம் சேர்த்துவைத்த நான் 'போதும்' என்பதற்குப் போதும் என்றுதான் அர்த்தம் என்று ஐம்பத்திரண்டு வயதில் கற்றுக்கொண்டேன், என் பிள்ளைகள் சாப்பிட உட்காரும்போது மட்டும் அது இன்னும் மறந்துபோகிறது.