செவிட்டைப் பொத்தி ஒன்று

எங்கள் பக்கத்தில் "செவிட்டைப் பொத்தித் தருவன்" என்று வெருட்டாத தாயும் இல்லை, வாத்தியாரும் இல்லை. கன்னத்தையும் காதையும் சேர்த்து விழுகிற அறைக்கு அதுதான் பெயர். சிறு வயதில் அதை நான் நிறைய வாங்கினேன், வளர்ந்த பிறகு தாராளமாகக் கொடுத்தேன். எனக்கு வாய்க்கு முன்னே கை பேசும். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

எழுபதுகளின் நடுவில் நானும் என் மச்சானும், அதாவது மாமியின் மகனும், அச்சுவேலிச் சந்தைக்குக் கிட்ட பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தோம். கலியாண வீடு, விளையாட்டுப் போட்டி என்றால் ஒலிபெருக்கியும் கட்டுவோம். கப்பலில் வேலை செய்த என் அண்ணன் அமெரிக்கத் துறைமுகங்களில் இருந்து சின்ன இசைத்தட்டுகள் கொண்டுவருவார், பக்கத்துக்கு ஒரு பாட்டு. கறுப்பினப் பாடகர்கள் தொண்டை கிழியப் பாடும் சோல் பாட்டுகள். எல்லாம் மோனோ. மேளமும் கிற்றாரும் குரலும் ஒரே இடத்திலிருந்து திரண்டு வந்து நெஞ்சில் குத்தும். ஆங்கிலம் பாதி விளங்காது. ஆனால் பாடுகிறவன் யாரையோ அடிக்கத் தேடுகிறான் என்பது எனக்கு விளங்கியது. அதில் ஒரு பாட்டு, சத்தம் குறைந்து தேய்ந்து முடியும் நேரம், பாடகன் ஒரு முறை ஓவென்று கத்திக் குழறுவான். அந்தக் குழறலுக்காகவே ஊசியைத் திரும்பத் திரும்ப வைப்பேன்.

மச்சான் கொழும்புக்குப் போய், அதே பாட்டு உள்ள பெரிய இசைத்தட்டு ஒன்றை வாங்கி வந்தான். அது ஸ்டீரியோ. போட்டால் இடது பெட்டியில் மேளமும் கிற்றாரும், வலது பெட்டியில் பாடகன் மட்டும்.

"இப்பதான் ஒவ்வொண்டும் தனித்தனியாக் கேக்குது. ஒரு சலங்கை கிலுங்குது, கேட்டியே? உன்ரை றெக்கோட்டிலை அது மேளத்துக்குள்ளை அமுங்கிப் போச்சு" என்றான்.

"ஆட்டை வெட்டிப் பங்கு பிரிச்சு வைச்சிருக்கிறாங்கள். உது பாட்டே?" என்றேன்.

கடைசியில் குழறலும் வரவில்லை. அதற்கு முன்னே பாட்டைத் தேய்த்து முடித்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அந்த மாதத்தில் இதற்காக இரண்டு தரம் கைகலந்தோம். ஒரு தரம் அவன் என் உதட்டைக் கிழித்தான். மற்றத் தரம் நான் ஸ்டூலால் அவன் முழங்காலில் போட்டேன். அடுத்த நாள் காலையில் ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடித்தோம்.

பிறகு தொண்டைமானாற்றில் கரப்பந்தாட்டப் போட்டி வந்தது. வயர்களை எல்லாம் நான்தான் பூட்டினேன். இறுதி ஆட்டத்துக்கு முன் மச்சான் தன் ஸ்டீரியோத் தட்டைப் போட்டான். மேளம் வந்தது, கிற்றார் வந்தது. பாடகனின் குரல் வரவேயில்லை. மேளமும் கிற்றாரும் யாருக்கோ காத்திருப்பது போல அடித்துக்கொண்டே இருந்தன.

"பாடுறவன் எங்கை? கடலிலை விழுந்திட்டானோ?" என்று ஒருவன் கேட்டான். சனம் சிரித்தது, பிறகு கூவென்று கத்தியது. யாரோ எங்கள் பெட்டிக்கு மண் அள்ளி எறிந்தார்கள். எனக்குக் கண் மண் தெரியவில்லை. இவனுடைய ஸ்டீரியோதான் எங்களைச் சந்தி சிரிக்க வைத்தது என்று நினைத்தேன். அவன் இசைத்தட்டு சுழலும் பெட்டிக்குப் பின்னால் குனிந்தான். ஒளிக்கப் பார்க்கிறான் என்று சேட்டுக் கொலரைப் பிடித்து நிமிர்த்தி, ஊர் பார்க்கச் செவிட்டைப் பொத்தி ஒன்று கொடுத்தேன்.

அவன் திருப்பி அடிக்கவில்லை. இடது காதைப் பிடித்தபடி மணலில் இருந்தான். விரல்களுக்கு நடுவால் இரத்தம் வந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

மறுநாள் மத்தியானம் அவனுடைய தமையன்மார் இரண்டு பேர் துடுப்போடு கடைக்கு வந்தார்கள். ஒலிபெருக்கிக் குழாயை நெளித்தார்கள், என் தோள் எலும்பை முறித்தார்கள். நான் ஒருவனின் கையைக் கடித்தேன், பல்லில் இரத்தம் உப்பாக இருந்தது. அவ்வளவு அடியிலும் நியாயம் என் பக்கம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோளில் கட்டுடன் கடையைத் திறந்த அன்று, போட்டிக்குப் பூட்டிய வயர்களோடேயே அந்தத் தட்டைத் திரும்பப் போட்டேன். பாடகன் இல்லை. பின்னால் பார்த்தால் ஒரு வயர் தொங்கியது. இசைத்தட்டுப் பெட்டியில் இருந்து வருவது இரண்டு வயர். சத்தத்தைக் கூட்டிக் குழாய்க்கு அனுப்பும் பெட்டியில் நான் எப்போதும் ஒன்றைத்தான் குத்துவேன். எங்கள் பக்கத்தில் ஒலிபெருக்கி கட்டிய பலரும் அப்படித்தான் செய்தார்கள், ஏனென்றால் மோனோத் தட்டில் இரண்டு வயரிலும் ஒரே பாட்டுத்தான் வரும். ஸ்டீரியோவில் நான் தொங்கவிட்ட வயரில் பாடகன் இருந்தான். அதையும் குத்தினேன். குரல் வந்தது. அன்றே அந்தத் தட்டை மச்சானுக்குக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் மச்சான் வீட்டுக்குப் போனேன். இடது காது இனிக் கேட்காது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அதே தட்டைக் கேட்டபடி இருந்தான். வலது பக்கம் போய் நின்று, ஹெட்போனைக் கொஞ்சம் விலக்கிச் சொன்னேன்.

"ஒரு வயர்தான் குடுத்தனான். பிழை என்ரை."

"அண்டைக்கே தெரியும். மற்ற வயரைக் குத்தத்தானே குனிஞ்சனான்."

கன்னத்தைக் காட்டி அடி என்றேன். "எனக்குக் கை நோகும், போடா" என்றான். எனக்கு அழுகை வந்தது.

பாட்டு முடிந்ததும் ஊசியை எடுத்துத் தொடக்கத்தில் வைத்தான். ஹெட்போனைக் கழற்றி இடம் வலமாகத் திருப்பி மாட்டினான். ஏன் என்று கேட்டேன்.

"முதல் பாடுறவனைக் கேட்டனான். இனி மேளம்."

கையோடு கொண்டுபோன அண்ணனின் மோனோத் தட்டை எடுத்து நீட்டினேன். அதில் எல்லாமே ஒரு காதுக்குள் வரும். அவன் அதைக் கையால் தள்ளிவிட்டான்.

"இப்பவும் சொல்லுறன், ஸ்டீரியோதான் திறம்" என்றான்.

"ஓம்" என்றேன்.