சலூன்காரரின் கத்தரிப் பாத்தி

மேசைக்கு முதுகு காட்டி நின்று, கைக்கண்ணாடியில் மீசையைச் சீவிக்கொண்டிருக்கிறார் சலூன்காரர். சீவுவதற்கு அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணாடியும் மீசைக்கு நேராக இல்லை, தோளுக்கு மேலே ஏறியிருக்கிறது. பின்னால் மேசையில் யார் எதை எடுக்கிறார்கள் என்பதுதான் அதில் தெரிகிறது.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை நாங்கள் சிலர் சேர்ந்து தோட்டமாக்கியிருக்கிறோம். ஆளுக்கொரு பாத்தி. ஞாயிறு காலையில் பறித்ததையெல்லாம் வாசல் மேசையில் வைத்துவிடுவோம். தேவைப்பட்டவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். விலையும் கிடையாது, விசாரணையும் கிடையாது. வைத்தவர்கள் மட்டும் திரும்பி நின்றுகொள்ள வேண்டும். சாப்பாடு எல்லாருக்கும் உரிமை, அதற்காக யாரும் யார் முகத்தையும் பார்த்துக் கூச வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்தோம். அன்று பலமாகக் கைதட்டியவர் இதே சலூன்காரர்தான்.

அவர் போடுவது கத்தரி மட்டும். கடையிலும் அதைப் பற்றித்தான் பேச்சு. கத்தி கழுத்தில் இருக்கும்போது யார் மறுத்துப் பேசப் போகிறார்கள்? மேசையில் காயை அடுக்கினால் காம்பெல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும் அவருக்கு.

பக்கத்துப் பாத்தி நர்ஸம்மாவுடையது. ஆஸ்பத்திரி வேலை முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வந்து தண்ணீர் விட்டுப் போவார். தக்காளி காய்த்துத் தள்ளும். மேசையில் முதலில் காலியாவதும் அதுதான். சலூன்காரருக்கு வயிறு எரியும்.

"நான் புள்ள மாதிரி பாத்துக்கிறேன், எனக்கு ஒரு கூடை. அந்தம்மா பாதிக் கண்ண மூடிக்கிட்டு ஊத்துது, அதுக்கு மூணு கூடை! இந்த மண்ணுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா சார்?" என்று என்னிடம் பொருமுவார். என் பாத்தியில் கீரை. அதை அவர் போட்டியாகக்கூட மதித்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

வெறும் காய்ப் பொறாமை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். அவருடைய அண்ணன் வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். தம்பிக்குச் சலூன் வைத்துக் கொடுத்த மனிதர் அவர். இப்போது தம்பி வீட்டிலிருந்து அரிசியோ காயோ போனால் தொடாமல் திருப்பி அனுப்பிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பையோடு மேசைக்கு வருவார். கத்தரி யாருடையது என்று அவருக்குத் தெரியும். அதைத் தாண்டிப் போய்த் தக்காளியை அள்ளிக்கொள்வார். நர்ஸம்மா எதிரே வந்தால் நின்று சிரித்துப் பேசுவார். தம்பியிடம் அந்தச் சிரிப்பும் கிடையாது.

"கூடப் பொறந்தவன் காய் கசக்குது, யாரோ ஒருத்தங்க காய் இனிக்குது. நியாயமா இது?"

"அவர்கிட்டயே கேளுங்களேன்."

"கேட்டு, இங்க வர்றதையும் நிறுத்திட்டா?"

போன ஞாயிறு நர்ஸம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் கூடுதல் வேலை. ஒருவர் வர முடியாவிட்டால் பக்கத்துப் பாத்திக்காரர் பறித்து வைப்பது எங்கள் வழக்கம். சலூன்காரரும் பறித்தார். ஆனால் தக்காளிக் கூடை மேசைமேல் ஏறவில்லை. மேசைக்கு அடியில் போனது, அதன்மேல் ஒரு சாக்கும் விழுந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் சார். கண்டுக்காதீங்க."

அண்ணன் வருவதற்குள் என் கீரை முழுக்கப் போய்விட்டது. பெருமைக்காகச் சொல்லவில்லை. மேசையில் மிச்சம் இருந்தது கத்தரி மட்டும். சலூன்காரரின் கண்ணாடியில் நானும் எட்டிப் பார்த்தேன். அண்ணன் மேசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். கத்தரிப் பக்கம் ஒரு கை நீண்டது, பாதியில் திரும்பிவிட்டது. வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

"அண்ணே, நில்லுங்க! இருக்கு, இருக்கு!"

சலூன்காரர் ஓடினார். சாக்கை உருவி எறிந்து கூடையை வெளியே இழுத்தார்.

அண்ணன் திரும்பி வந்து கேட்டார்: "யாரோடது?"

"நர்ஸம்மாவோடதுதாண்ணே. சத்தியமா என்னுது இல்ல."

அண்ணன் பையை விரித்துப் பிடித்தார். சலூன்காரர் மண்டியிட்டு உட்கார்ந்து, நசுங்கியவற்றை ஒதுக்கிவிட்டு, நல்ல பழமாகப் பார்த்துப் பொறுக்கி, ஒவ்வொன்றாகத் தன் சட்டையில் துடைத்து அதில் போட்டார்.