வயர் கழற்றிய பிறகு

இதைப் படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். போன பங்குனிக்கு முன்னால் என்றால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், என் கண் முன்னால் நடந்தது.

என் பெயர் யோகராஜ். கோவில்பட்டியில் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ரிப்பேர் பார்க்கிறேன். கல்யாண வீட்டு மைக்செட்டிலிருந்து ஹோம் தியேட்டர் வரை எல்லாம் என் மேஜைக்கு வரும். எரிந்துபோன டிரான்சிஸ்டரை நம்புவேன். ஸ்பீக்கரில் கிழிந்த காகிதக் கோனை நம்புவேன். ‘இந்த வயரைப் போட்டால் பாட்டுக்கு உயிர் வரும்’ என்று எவனாவது சொன்னால் மட்டும் மீட்டரைக் கையில் எடுத்துவிடுவேன். வயருக்குள் கரண்ட் ஓடும். உயிர் எப்படி ஓடும்?

பங்குனி மாதம் எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கமிருந்து சாமித்துரை அண்ணாச்சி கடைக்கு வந்தார். ஆடு வளர்ப்பவர். கையில் துணியில் சுற்றிய ஒரு வயர். வெள்ளிக்கம்பியாம். பதிவுக்குள் ஒளிந்து கிடக்கிற சத்தத்தைக்கூட வெளியே கொண்டுவருமாம். ஃபோனில் விளம்பரம் பார்த்து வரவழைத்திருக்கிறார்.

“கரண்டச் சுத்தம் பண்ணுத பெட்டின்னு ஒண்ணு இருக்காம் தம்பி. அதையும் வாங்கப்போறேன். நீங்கதான் வந்து மாட்டித் தரணும்.”

“எதுக்கு அண்ணாச்சி?”

“எம் மவ இன்னுங் கொஞ்சம் பேசுவா.”

மகள் பெயர் தங்கமாரி. நூற்பாலைக்கு ஆள் ஏற்றிப்போன வேன் தை மாதம் கவிழ்ந்தது. அதில் இறந்துபோனாள். முந்தின நாள் அப்பாவுக்கு அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்றுதான் மிச்சம். அதை ஸ்பீக்கரில் போட்டுப் போட்டுக் கேட்கிறார். வெள்ளி வயர் மாட்டியதிலிருந்து, மெசேஜ் முடிகிற இடத்தில் புதிதாக ஒரு வார்த்தை கேட்கிறதாம்.

“என்ன வார்த்த?”

“‘அம்மா’ன்னு கூப்பிடுதா.”

பெட்டி வாங்குவதற்கு ஆடுகள் மொத்தத்தையும் விற்கப்போவதாகச் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை.

“ரெண்டு நாள் பொறுங்க அண்ணாச்சி. நான் வந்து பாத்துட்டுச் சொல்லுதேன்” என்றேன்.

போனேன். ஊரைத் தாண்டி, கரிசல் காட்டை ஒட்டிய வீடு. பருத்தி எடுத்து முடித்த நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. உச்சி வெயில். வேலிக்கருவை நிழலில் ஆடுகள் அசையாமல் படுத்திருந்தன.

அவர் மனைவி வெயிலுகந்தம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மகளைப் பறிகொடுத்தவரிடம் என்ன பேசுவது? நான் பேசவில்லை. அவரும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

அண்ணாச்சி ஃபோனை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி மெசேஜைப் போட்டார்.

“எப்பா, ஞாயித்துக்கெழம வாரேன். நெத்திலிக் கருவாடு வாங்கி வையுங்க. சரியா?”

சின்னப்பெண் குரல். பின்னால் மெஷின் இரைச்சல். அவ்வளவுதான்.

“கேட்டுதா தம்பி? கடைசில?”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவரைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொன்னேன். அவருக்குத் தெரியாமல் ஸ்பீக்கருக்குப் போகிற வெள்ளி வயரைக் கழற்றிவிட்டு, என் பையிலிருந்த சாதாரண வயரை மாட்டினேன். மறுபடி மெசேஜைப் போட்டேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அம்மான்னு சொல்லுதா பாருங்க. தெளிவாக் கேக்குது.”

திரும்ப வெள்ளி வயரை மாட்டினேன்.

“இப்ப வயர மாத்திட்டீய. ஒண்ணும் கேக்கல.”

திரும்பிப் பார்க்கச் சொன்னேன். மாட்டியிருந்தது வெள்ளி வயர். என் கையில் சாதாரண வயர். அவர் இரண்டு வயரையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார்.

“அப்ப எம் மவ கூப்பிடல. நானா நெனச்சுக்கிட்டேன். அப்படித்தான தம்பி?”

அவர் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆடுகளிடம் போய்விட்டார். போகும்போது தோள் குலுங்கியது.

நான் சாமான்களை எடுத்துவைக்கத் தொடங்கினேன்.

கரண்ட் போனது. மணி பன்னிரண்டேகால்.

ஃபேன் நின்றது. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு லைட் அணைந்தது. ஸ்பீக்கரிலிருந்து வயரைக் கழற்றிச் சுருட்டினேன். இப்போது அது வெறும் பெட்டி. முன்துணி கிழிந்து, உள்ளே இருந்த காகிதக் கோன் தெரிந்தது.

அந்தக் கோன் அசைந்தது.

காற்றாக இருக்கும்... வாசலில் முருங்கை இலைகூட ஆடவில்லை.

மறுபடி அசைந்தது. விட்டு விட்டு... யாரோ பேசும்போது அசைவதைப் போல.

மீட்டரை எடுத்து ஸ்பீக்கர் முனைகளில் வைத்தேன். கோனை விரலால் லேசாகத் தட்டினாலே மீட்டர் முள் துடிக்க வேண்டும். கோன் என் கண்ணெதிரே அசைகிறது. முள் துடிக்கவில்லை.

சத்தமும் இல்லை. ஒரு சின்ன கரகரப்புகூட இல்லை.

அடுப்படியில் பாத்திரம் விழுந்தது.

வெயிலுகந்தம்மாள் ஓடி வந்தார். கையெல்லாம் மாவு. என்னைப் பார்க்கவே இல்லை. ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்தார்.

கோன் அசைந்தது... நின்றது.

“கேக்குதுட்டி” என்றார்.

அப்போதுதான் அவர் குரலை முதன்முதலாகக் கேட்டேன். ஏற்ற இறக்கமே இல்லாத குரல்.

அசைந்தது... நின்றது.

“ம்... கேக்குது. சொல்லு.”

அசைந்தது... அசைந்தது... நின்றது.

“கருவாடு வாங்கித்தான் வச்சிருக்கு. நீதான வரல.”

மீட்டர் முனைகளையும் எடுத்துவிட்டேன்.

அசைந்தது...

கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது.

கோன் நின்றுவிட்டது.

“ஏட்டி?” என்றார்.

அசையவில்லை.

“ஏட்டி...”

பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அண்ணாச்சியிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. பஸ் ஏறும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அவரே கடைக்கு வந்தார். ஆடுகளை விற்கவில்லை. பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

“இப்ப எந்த வயர மாட்டுனாலும் எனக்கு ஒண்ணும் கேக்கல தம்பி” என்றார்.

அன்று பார்த்ததைச் சொல்லத் தைரியம் வரவில்லை. சுற்றி வளைத்துக் கேட்டேன்.

“மதினி என்ன சொல்லுதாவ? அவியளும் அந்த மெசேஜக் கேப்பாவளா?”

அண்ணாச்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“ஒங்களுக்குத் தெரியாதா? சின்னப்பிள்ளையில காய்ச்சல் வந்து அவளுக்கு ரெண்டு காதும் போச்சு. பெத்த பிள்ள கொரல அவ ஒரு நாளும் கேட்டதில்ல தம்பி.”