வேளாவை இல்லை என்று எழுத மறுத்தவர்

சாவுச் செய்தி இரண்டு வசனங்களாக வந்தது. தலைமைக் கந்தோரிலிருந்து எங்கள் ஆய்வுக் குழுவின் பொறுப்பாளர் அழைத்தார். "ரெஜினா மிஸ் விடிய மோசம் போயிட்டாவாம்." அடுத்தது: "அந்த வேளா அறிக்கையை இனி முடிச்சிடலாம்தானே?"

எங்களோடு கணக்கெடுத்த ரெஜினா அக்காவை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. நோயில் படுத்திருந்தபோதும் அவரிடம் கேட்கப்பட்டது இதுதான்.

வேளா, வாள் போல நீண்ட மூக்கும் அதன் இருபுறமும் பற்களும் கொண்ட பெருமீன். அந்த மூக்கைக் கொம்பு என்பார்கள். மன்னார்க் கரையின் கோயில்களில் நேர்த்திக்கடனாகக் கொடுத்த கொம்புகள் இன்னும் தொங்குகின்றன. மீனைத்தான் காணவில்லை. இழந்த கொம்பைத் தேடித் திருநாளன்று வேளா கரைக்கு வரும் என்கிறது ஊர்க்கதை. அற்றுப்போய்விட்டது என்கிறது விஞ்ஞானம். ரெஜினா அக்கா இரண்டுக்கும் தலையாட்டவில்லை. முசலிக் கரையின் ஆழங்குறைந்த கடலில் வேளா இல்லை என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால், அங்கே மணல் அள்ளத் தடையொன்றும் மிஞ்சாது.

முதல் கணக்கெடுப்பில் அவர் படகு படகாக ஏறி விசாரித்தார். "வேளாவைக் கண்டனீங்களோ?" எல்லோரும் இல்லை என்றார்கள். கரைக்கு வந்ததும் அவருடைய சொந்த மாமா பிடித்துக்கொண்டார்.

"கடலுக்குள்ள நிண்டு அதின்ர பேரைச் சொல்லிக் கேக்கிறாய். ஆரடி ஓம் எண்டு சொல்லுவான்?"

பெயரைச் சொன்னால் அது வலைக்கு வரும், வலை கிழியும். கடலில் அதற்குப் பெயர் 'பெரியவர்'. பேசாலையில் படகுகள் வைத்திருந்த சம்மாட்டி வீட்டில் பிறந்தவருக்கு இது சிறுவயதிலேயே தெரியும். கேள்வித்தாள் கைக்கு வந்ததும் மறந்துவிட்டது. இதை எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "எங்கட 'இல்லை' எல்லாம் கடலில வைச்சு எடுத்த 'இல்லை'. அதில பாதி பயம்."

அதன்பின் கரையில் கேட்டார். ஞாயிறு பூசை முடிந்து ஆட்கள் கலையுமுன், கோயில் முற்றத்தில். கொம்பில் விளக்கெரிய வேளா வந்ததாக ஒருவர் சத்தியம் செய்தார்.

"எத்தினை போத்தல், அண்ணை?"

"அரைதான், பிள்ளை."

"அப்ப அரை வேளா எண்டு எழுதுறன்."

முற்றமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கியபின் இன்னொருவர் மெல்ல அருகில் வந்தார். போன மாரியில் வலையில் கொம்பு சிக்கியதாம். வலையை வெட்டிவிட்டாராம். படம் இல்லை, சாட்சி இல்லை. அக்கா மகிழ்ந்து குதிக்கவில்லை. 'உறுதிப்படுத்தவில்லை' என்று எழுதினார். ஆனால் எழுதினார்.

எங்கள் குழுக் கூட்டத்தில் ஒருவர் நக்கலடித்தார். "மிஸ், கடற்கன்னியையும் சேர்ப்பமே?"

"அவவை எங்க வைச்சு விசாரிச்சனீங்கள், கடலிலயோ கரையிலயோ?"

பிறகு மேசையைப் பார்த்துச் சொன்னார்: "இருக்கு எண்டு நான் சொல்லேல்ல. இல்லை எண்டு சொல்ல இன்னும் ஒருத்தரும் ஒழுங்காத் தேடேல்ல."

நல்லடக்கத்தில் ஒருவர் சொன்னார், பாவம், இல்லாத ஒன்றின் பின்னாலேயே அவருடைய காலம் போய்விட்டது என்று. அந்தப் பாவத்தை நான் ஏற்கவில்லை. அவர் ஏமாந்தவர் அல்லர். எங்கள் அவசரத்துக்கு இணங்காதவர்.

மறுநாள் அறிக்கையை அனுப்பினேன். வேளாவுக்கு நேரே எழுதியிருந்தேன்: தெரியவில்லை. பொறுப்பாளர் அழைத்தார்.

"தெரியவில்லை எண்டா அது என்ன முடிவு?"

"இப்போதைக்கு அதுதான் முடிவு, சேர்."

"ரெஜினா மிஸ் கதைக்கிற மாதிரிக் கிடக்கு."

"ஓம்."

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது 'தெரியவில்லை' என்ற அந்த ஒரு சொல். அதன் கீழே இருக்கும் கையெழுத்து என்னுடையது. மணல் அள்ள வருபவர்கள் இனி என்னிடம் வரட்டும்.